ரோலரில் நிற்பவர் யார்?

மாமியாரின் மசோதா இன்று மதியம் ஓட்டுக்கு வருகிறது. அதனால் காலையிலேயே வீட்டில் யாருக்கும் உட்கார இடமில்லை.

கூடத்தில் ஆட்கள். வாசலில் ஆட்கள். சமையலறை மேடைமேல்கூட ஒருவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "நான் பாட்டுக்கு இருக்கேன், நீங்க சமைங்க" என்றார்.

மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டு தன் அறைக்குள் நுழைந்தாள். அவள் கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்து, தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி அவள் கணவனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு வேலை முடித்து வந்திருந்த அவன், சுவரோரம் ஒண்டிப் படுத்தபடி, "சரிங்க... பார்த்துடலாங்க..." என்று தூக்கத்திலேயே வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இவர் மெம்பர் இல்லைங்க. லிஃப்ட் மெக்கானிக்."

"தெரியும்மா. அம்மா காதுல போட்டுடுவார்ல?"

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தலை வாரினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருக்கும் ஒரே ஆசை, ஒரு கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு. மாடியில் வீட்டுக்காரம்மாவின் அறை காலியாக இருக்கிறது. வாடகைதான் கட்டுப்படியாகவில்லை. இதை மாமியாரிடம் சொல்லவும் பயம். தனிக்குடித்தனம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் இதுவரை உச்சரித்ததில்லை.

மாமியார் கண்ணாடி முன் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. சலவை ஆலையில் பல வருடமாக ரோலருக்கு முன்னால் நின்ற கை அது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு, தேய்த்து உலர்த்தும் ஆவி ரோலருக்குள் கொடுத்துக்கொண்டிருந்தவர், போன தேர்தலில் நின்று, யாரும் எதிர்பாராமல் ஜெயித்தார். ஜெயித்த அன்றே ஆலை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

"நான் விட்டுட்டு வந்த ரோலர்ல யார் நிக்கிறாங்களோ, அவங்க வாங்குற சம்பளம்தான் எனக்கும். மிச்சத்தை சபையே எடுத்துக்கட்டும்."

தேர்தல் பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே செய்து காட்டினார். அதோடு விட்டாரா? போன வாரம் சபையில் எழுந்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பளம்தான், அதற்கு மேல் கிடையாது என்று மசோதாவையே நீட்டிவிட்டார். மீசைக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் மூத்த உறுப்பினர் சிரித்த சிரிப்பில் மைக் கரகரத்தது.

அந்த ரோலரில் இப்போது நிற்பது மருமகள்.

"மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே சம்பளம் வர்ற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பான் கணவன். "சண்டை வந்தா யார் பக்கம் சாயறதுன்னு எனக்கே தெரியாது."

"அத்தை, ஜெயிச்சிடும்ல?"

"எண்ணிப் பார்த்தா சமமா வருது கண்ணு. ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தா போதும்."

"சமமா வந்தா?"

மாமியார் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "சமமா வந்தா தலைவர் ஓட்டு. உங்கப்பா."

சபைத் தலைவரின் ஒரே மகள்தான் மருமகள். அவர்கள் வீட்டு லிஃப்ட் பாதியில் நின்றுபோன ஒரு மத்தியானம், உள்ளே மாட்டிக்கொண்ட அவளை வெளியே எடுத்த மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொண்டாள். "ஒரு ரோலர்காரி வீட்டுக்கா போகப்போற?" என்று கேட்டதோடு சரி, அப்பா அதற்குப் பிறகு அவளிடம் பேசியதே இல்லை.

"கவலைப்படாதே. அவர் நான் வாயைத் திறந்தாலே நிறுத்தச் சொல்லி மணியடிக்கிற மனுஷன். அவரை நம்பி நான் மசோதா கொண்டு வரல" என்று சொல்லிவிட்டு, மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார்.

*

சலவை ஆலைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சோப்பு வாசனை. அடுத்து ஆவி. அதற்குப் பிறகு யாரும் எதையும் முகர்வதில்லை, வேலைதான்.

ரோலர் ஆளுயரம். இரும்புக்குள் கொதிக்கும் ஆவி. ஈர விரிப்பை உதறிக் கொடுக்க இருவர், முன்னால் நின்று ரோலருக்குள் விட இருவர், பின்னால் சூட்டோடு மடிக்க இருவர், அடுக்க இருவர். ஆக எட்டுப் பெண்கள். முன்னால் நிற்பவர்களுக்குத்தான் முகம் வேகும்.

இன்று வழக்கத்துக்கு மாறாக, மேனேஜர் தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். ஆவி படிந்து எப்போதும் மங்கலாகவே இருக்கும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதே சில பெண்களுக்கு மறந்துபோயிருந்தது. கூடவே கேமராவோடு ஒரு பத்திரிகைக்காரர்.

மேனேஜர் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க! முன் ரோலர் வேலை கஷ்டமான வேலை. முதலாளி ரொம்ப யோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்காரு. இன்னியிலேருந்து முன் ரோலர்ல நிக்கிறவங்களுக்கு ரெட்டைச் சம்பளம்!"

"யோசிச்சாராமா? அவரா?" என்றாள் வாயாடி. அவளுக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அதைக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

மேனேஜர் மருமகளைப் பார்த்துக் கைதட்டினார். ஆபீஸ் கணக்கில் முன் ரோலர் ஆள் அவள்தான். பக்கத்தில் நிற்பவள் தற்காலிக ஆள் என்பதால் அவளுக்கு இந்தச் சலுகை கிடையாதாம். கேமரா பளிச்சென்றது.

மருமகளுக்குக் காது அடைத்துவிட்டது. ரெட்டைச் சம்பளம்! மாடி அறை! கதவு!

டீ நேரத்தில் சோப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாடி ரூமை நான் எடுத்துக்கிறேன். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். முக்கியமா அத்தைகிட்ட."

"நான் ஏன்மா சொல்லப்போறேன்? என் வாய்க்குப் பூட்டு, சாவி உன் கையில."

குதித்துக்கொண்டு திரும்பினாள். பெண்கள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்ததும் பேச்சு நின்றது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் வாயாடி, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. "பெரிய இடம். நாங்க தள்ளியே உட்கார்ந்துக்கிறோம்."

அப்போதுதான் பத்திரிகைக்காரர் பேனாவோடு வந்தார். "ஒரே ஒரு கேள்விங்க. ரோலர் சம்பளம்தானே உங்க மாமியாருக்கும்? அப்போ இன்னிக்கு அவங்க சம்பளமும் ரெட்டிப்பாயிடுச்சு, இல்லையா?"

அப்போதுதான் எடுத்த டீ டம்ளர் மருமகளின் கையில் சாய்ந்தது. சூடான டீ காலில் கொட்டியதுகூட உறைக்கவில்லை.

இந்த ஆலையின் முதலாளி யார்? மீசைக்காரரின் மச்சான். மசோதா ஓட்டுக்கு வருவது என்றைக்கு? இன்றைக்கு. இத்தனை வருடமாக முகம் வெந்து நின்றவர்கள்மேல் வராத இரக்கம் இன்று காலை ஏன் வந்தது?

மதியம் சபையில் மீசைக்காரர் எழுந்து நிற்பார். 'எங்களுக்கெல்லாம் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிட்டு, தன் மருமகளை வச்சு தன் சம்பளத்தை ரெட்டிப்பாக்கிக்கிட்ட அம்மா இவங்கதான்!' அதற்குப் பிறகு யார் அத்தைக்கு ஓட்டுப் போடுவார்கள்?

மாமியாருக்குப் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சபை வாசலிலேயே எல்லோர் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மாடி அறை போச்சு. போகட்டும். ஆனால் வேண்டாம் என்றாலும் படம் எடுத்தாகிவிட்டது. 'மாட்டிக்கிட்டதும் வேண்டாம்னுட்டா' என்பார்கள்.

டங்! டங்!

வாயாடி ஸ்பானரால் இரும்புத் தூணைத் தட்டினாள். மாத்து நேரம்.

ஆபீஸ் கணக்கில் என்ன எழுதியிருந்தாலும், ரோலருக்கு முன்னால் ஒரே ஆள் நாள் முழுக்க நின்றால் மயங்கி விழுவாள். அதனால் தூணைத் தட்டியதும் எல்லோரும் இடம் மாறுவார்கள். உதறுபவர்கள் முன்னால் வருவார்கள், முன்னால் நின்றவர்கள் பின்னால் மடிக்கப் போவார்கள், மடித்தவர்கள் அடுக்கப் போவார்கள், அடுக்கியவர்கள் உதறப் போவார்கள். மாமியார் காலத்துக்கும் முன்பிருந்தே அப்படித்தான். யாரும் உத்தரவு போட்டதில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்தால் தெரிவதும் இல்லை.

கால்கள் தாமாக நகர்ந்தன. மருமகள் பின்பக்கம் போனாள். சுடச்சுட வெளியே வந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள்.

பிடித்தவள் மடிக்கவில்லை. விரிப்பு அவள் காலடியில் குவிந்தது.

"ஏய், மடி! என்ன கனவா?" எதிரே ரோலருக்கு முன்னால் வாயாடி கத்தினாள்.

"அக்கா! இப்போ முன் ரோலர்ல நிக்கிறது யாரு?"

"கண்ணு அவிஞ்சுபோச்சா? நான்தான்!"

"அப்போ ரெட்டைச் சம்பளம் யாருக்கு?"

வாயாடி வாயைத் திறந்தாள். அவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அடுத்த மாத்துல?" மருமகள் உதறுபவர்களைக் கைகாட்டினாள். "அப்போ இவங்களுக்கு. அதுக்கடுத்து அவங்களுக்கு. இங்க முன் ரோலர்ல நிக்காதவ யாராவது இருக்கீங்களா?"

யாரும் இல்லை. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எட்டுப் பேரும் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள்.

"விரிப்பை வெளிய எடு. அழுத்தத்தைக் குறை. ரோலரை நிறுத்து" என்றாள் வாயாடி. உள்ளே துணியோடு நிறுத்தினால் கருகிவிடும். கோபத்திலும் அவர்கள் ஆஸ்பத்திரி விரிப்பைக் கருக்கவில்லை.

ரோலர் நின்றது. பகல் நேரத்தில் அந்தக் கூடம் அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னாச்சு? கரண்ட் போச்சா?"

"கரண்ட் எல்லாம் இருக்கு சார். ஒரு சந்தேகம். ரெட்டைச் சம்பளம் ரோலருக்குக் கொடுத்தீங்களா, எனக்குக் கொடுத்தீங்களா?"

"ரோலருக்குத்தான். நான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே" என்றார் மேனேஜர், பத்திரிகைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்து. அப்படிச் சொன்னால்தானே மாமியாரைச் சிக்கவைக்க முடியும்?

"அப்படின்னா நாங்க எட்டுப் பேரும் ரோலர்ல நிக்கிறோம், சார். தற்காலிகம்னு தள்ளி வச்சீங்களே, இவளும் நிக்கிறா. தினமும், மாத்தி மாத்தி."

"அதெப்படி... இல்ல, இல்ல. நான் உனக்கு மட்டும்தான் சொன்னேன்."

"எனக்கு மட்டும்னா எழுதிக்கங்க" என்றாள் மருமகள் பத்திரிகைக்காரரிடம். "ரோலர் சம்பளம் ஏறல. மெம்பரோட மருமகளுக்கு மட்டும், ஓட்டெடுப்பு அன்னிக்குக் காலையில, முதலாளி காரணமே இல்லாம காசு கொடுக்கிறார். முதலாளி யாரோட மச்சான்னும் சேர்த்து எழுதுங்க."

பத்திரிகைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் அனுப்பப்பட்டது ஒரு செய்திக்கு, இப்போது கையில் அதைவிடப் பெரிய செய்தி. பேனா பறந்தது.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளியின் குரல் போனைத் தாண்டி எட்டுப் பேருக்கும் கேட்டது.

"ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னா ஊருக்கே கொடுக்கிறியாய்யா?"

"சார், ரெண்டு பக்கமும் மாட்டுது சார்..."

"மச்சான்கிட்ட கேளு!"

"அவர் போன் சபை வாசல்ல இருக்கு சார்..."

வெளியே ஆஸ்பத்திரி வேன்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒன்று. இரண்டு. மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. மேனேஜரின் சட்டை, ஆவியே இல்லாமல், நனைந்துவிட்டது.

"எல்லாருக்கும்னு சொல்லித் தொலை!" என்று போன் அலறியது. "முதல்ல ரோலரைப் போடச் சொல்லு!"

எட்டுப் பெண்கள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வேன் டிரைவர்கள் ஹாரனை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வாயாடி மருமகளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"தள்ளி உட்கார்ந்துக்கிறோம்னு சொன்னேன்ல? இனிமே என் மடியிலயே உட்காருடி!"

"அக்கா, கொண்டாட்டம் அப்புறம். அத்தைக்கு இது எதுவும் தெரியாது. மீசைக்காரருக்கும் தெரியாது. அவர் பழைய கதையைத்தான் அங்க சொல்லப்போறாரு!"

காலை ஷிஃப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆனால் பஸ்ஸில் போனால் ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். வாயாடிதான் வாசலில் நின்ற சின்ன வேனைக் காட்டினாள். சபையின் மேஜை விரிப்புகளும் திரைச்சீலைகளும் வெளுக்கப்படுவது இந்த ஆலையில்தான். அந்த வேனுக்குச் சபையின் பின்வாசல் எப்போதும் திறக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் எட்டுப் பேரும் அதில் ஏறினார்கள்.

"விரிப்பு மேல உட்காராதீங்கம்மா, கசங்கும்" என்றார் வேன்காரர்.

"கசங்கினா நாங்களே தேய்ச்சுத் தர்றோம். நீங்க அழுத்துங்க!"

*

அவர்கள் மூச்சிரைக்கப் பார்வையாளர் மாடத்துக்குள் நுழைந்தபோது, மீசைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"...தியாகமாம்! எளிமையாம்! தலைவர் அவர்களே, இன்னிக்குக் காலையில அந்த ரோலரோட சம்பளம் ரெண்டு மடங்கா ஏறியிருக்கு. அதாவது இந்த அம்மாவோட சம்பளம். ரோலர்ல நிக்கிறது யாரு? சொந்த மருமக! நாம வயித்தைக் கட்டணுமாம், இவங்க குடும்பத்தோட ஏத்திக்குவாங்களாம்!"

சபை கொதித்தது. மேஜைகள் தட்டப்பட்டன. மாமியார் எழுந்து நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது மாடத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. வலது கை, பழைய பழக்கத்தில், மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்வரிசையில், ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்த ஓர் உறுப்பினர் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தை!" என்றாள் மருமகள், தன்னை மறந்து.

மணி அடித்தது. தலைவரின் நாற்காலியிலிருந்து அவள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஈர ஏப்ரனும் ஒட்டிய தலைமுடியுமாக நின்ற மகளை அவர் கண்கள் கண்டுகொண்டன. ஒரு கணம் மணி அந்தரத்தில் நின்றது.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார். "பேசினால் வெளியேற்றப்படுவார்கள். யாராக இருந்தாலும்."

பேசக் கூடாது. சரி.

மருமகள் வாயாடியைப் பார்த்தாள். வாயாடி காலிலிருந்த செருப்பைக் கழற்றி, அதன் குதிகாலால் மாடத்தின் இரும்புத் தூணைத் தட்டினாள்.

டங். டங்.

எட்டுப் பெண்களும் நகர்ந்தார்கள். வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த இருவர் பின்னால் போனார்கள், பின்னாலிருந்த இருவர் முன்னால் வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று கையை உயர்த்தினார்கள். மறுபடியும் இடமாற்றம். அடுத்த இருவர் முன்னால் வந்து கையை உயர்த்தினார்கள். மறுபடியும். காவலர் ஓடிவந்து, பேசாமல் இடம் மாறுகிறவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மீசைக்காரர் மேலே பார்த்து, "என்ன டான்ஸா நடக்குது?" என்றார்.

மாமியார் மேலே பார்த்தார்.

பல வருடம் அந்த ரோலரில் நின்றவர் அவர். அந்தத் தட்டலைத் தூக்கத்தில் கேட்டாலும் கால் தானாக நகரும். முதல் இருவர் கையை உயர்த்தியபோது நெற்றி சுருங்கியது. அடுத்த இருவர் உயர்த்தியபோது சுருக்கம் விரிந்தது. கடைசி இருவர் முன்னால் வந்தபோது, மாமியார் சிரித்துவிட்டார்.

"தலைவர் அவர்களே, உறுப்பினர் சொன்னது உண்மை" என்றார்.

சபை அடங்கியது.

"என் சம்பளம் இன்னிக்குக் காலையில ஏறியிருக்கு. ஆனா என் மருமகளுக்கு மட்டும் ஏறல. அந்த ரோலர்ல எட்டுப் பேரும் மாத்தி மாத்தி நிக்கிறாங்க. எட்டுப் பேருக்கும் ஏறியிருக்கு. ஆமாவாம்மா?"

எட்டுக் கைகளும் உயர்ந்தன.

மீசைக்காரர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நாற்காலிக்கு அரை அடி மேலே தொங்கினார்.

"அந்த முதலாளி இத்தனை வருஷமா அவங்க சம்பளத்தை ஏத்தணும்னு நினைச்சதே இல்ல. இன்னிக்கு ஏன் நினைச்சாரு? என் சம்பளம் அந்த ரோலரோட கட்டியிருக்கிறதால. என்னைக் கவுக்கணும்னா ரோலருக்கு ஏத்தியாகணும். வேற வழியில்ல. ஒரே ஒரு மெம்பரைக் கட்டினதுக்கே எட்டு வீட்டுல அடுப்பு நல்லா எரியுது. நம்ம எல்லாரையும் கட்டிப் பாருங்க!"

"இது சுயநலம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆமாங்க, சுயநலம்தான்!" மாமியாரின் குரல் மைக் இல்லாமலே மாடத்தை எட்டியது. "அவங்களுக்கு ஏறாம எனக்கு ஏறக் கூடாது. அவங்களுக்குக் குறைஞ்சா எனக்கும் குறையணும். அந்தச் சுயநலம் இந்தச் சபையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் வரணும். அதுக்குத்தான் இந்த மசோதா. என் பேச்சு முடிஞ்சது, நீங்க மணியடிக்கலாம்."

முதல் முறையாக, அவருக்கு மணி அடிக்கப்படவில்லை.

தலையைக் குனிந்திருந்த உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு பெயராக. ஆதரவு. எதிர்ப்பு. எதிர்ப்பு. ஆதரவு. வாயாடி மருமகளின் கையை நெரித்ததில் விரல்கள் வெளுத்தன.

செயலாளர் எண்ணினார். மறுபடி எண்ணினார். தலைவரிடம் போய்க் காதில் சொன்னார்.

சமம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. போட்டுக்கொண்டு மாடத்தைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த மகளின் கையை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, சம்பந்தியம்மாவின் தழும்பு இருக்கும் அதே இடத்தில், ஒரு புதிய சிவப்புக் கோடு.

மருமகள் கையை மறைக்கவில்லை.

"தலைவரின் ஓட்டு..." என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆதரவு."

பிறகு மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். சபை எப்போதோ எழுந்து ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிட்டது. எட்டுப் பெண்களும் காவலரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். யாருக்கும் கேட்காத அந்த மணியை அவர் விடவே இல்லை.

*

சாயங்காலம் வீட்டில் காலையைவிட அதிகக் கூட்டம். கணவன் எழுந்துவிட்டான், எழுப்பிவிட்டார்கள் என்பதுதான் சரி. நடந்ததெல்லாம் தெரியாததால், வருகிறவர்களிடமெல்லாம் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் தூங்கின நேரத்துல எங்கம்மா நாட்டையே மாத்திட்டாங்களா? என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

வாசலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கையில் குடையோடு நடுவில் வந்து நின்றவர் சபைத் தலைவர்.

மருமகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா..."

"நான் உன்னைப் பார்க்க வரல" என்றார் அவசரமாக. "சம்பந்தியம்மாவைப் பார்க்க வந்தேன். ஒரு காரியமா."

"உட்காருங்க சம்பந்தி" என்றார் மாமியார். உட்கார எங்கே இடம்? மருமகளின் கட்டில்தான் காலியாக இருந்தது. அவர் அதன் ஓரத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, உடையக்கூடிய பொருளின் மேல் உட்காருபவர்போல் உட்கார்ந்தார்.

"சட்டம் வந்தாச்சு. அடுத்த மாசத்துலேருந்து எனக்கும் ரோலர் சம்பளம்தான். அந்த லிஃப்ட் வச்ச வீட்டுக்கு இனி என்னால வாடகை கட்ட முடியாது. அதான்... இந்தப் பக்கம் சின்னதா ஏதாவது..." மகளைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார். "அதுக்கு மருந்து போட்டியா?"

"போட்டேன்ப்பா" என்றாள்.

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. வாடகைக்கு வீடு தேடுகிறவர் ஊரில் எத்தனையோ தெரு இருக்க, இந்தத் தெருவுக்கு வருவானேன்? முகம் முழுக்கச் சிரிப்போடு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடு! எங்கயோ எதுக்குத் தேடணும் சம்பந்தி? நம்ம மாடி ரூமே காலியாத்தான் கிடக்கு. மகளுக்குப் பக்கத்துலயே இருங்க!"

மருமகள் குறுக்கே வந்தாள். "அத்தை, அது வந்து..."

அதற்குள் வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கையைப் பிசைந்தார். மருமகளைப் பார்த்தார், சபைத் தலைவரைப் பார்த்தார், மறுபடி மருமகளைப் பார்த்தார். காலையில் பூட்டிய வாய் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

"அய்யோ, அதை இன்னிக்குக் காலையிலதானே கொடுத்தேன்!"

"யாருக்கு?" என்றார் மாமியார்.

"உங்க மருமகளுக்குத்தான். தனியாப் போறதா போன்ல சொன்னாளே... உங்களுக்குச் சொல்லலையா?"

கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

மாமியார் மெல்லத் திரும்பினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் வலது கை, மணிக்கட்டுத் தழும்பைத் தேடிப் போய்விட்டது.